ஒரு பெயராவது

கிறிஸ்து பிறந்து ஆயிரத்து அறுநூற்று நாற்பத்தோராம் ஆண்டு, ஜனவரி மாதத்து ஒரு பிற்பகலில், மணி மூன்று அடித்துச் சற்று நேரத்துக்கெல்லாம் இங்கிலாந்து தேசத்துக்கு விடுதலை கிடைத்தது. கிடைத்த இடம், சஃபோக் மாவட்டத்து ஹாக்ஸ்மியர் கிராமக் கோவிலின் கிழக்கு மூலை. சாட்சிகள் பதினேழு ஆண்களும், தேசத்தின் எதிர்காலத்தைப் பற்றிக் கவலையில்லாத ஒரு நாயும். அடிமைத்தனத்தின் அடையாளமாக அங்கே நின்றிருந்தது, திருவிருந்து மேசையைச் சுற்றி பிஷப்பின் உத்தரவால் அடித்திருந்த ஓக் மரக் கிராதி.

அதைப் பிடுங்கியவர் தச்சர் ஒபதியா கர்லிங். ஐந்து வருஷத்துக்கு முன் அதை அடித்தவரும் அவரேதான். எந்த ஆணி எங்கே இருக்கிறது என்று தெரிந்த ஆள் என்பதால் விடுதலை சுருக்காக முடிந்தது. "ரோமாபுரியின் சிறைக்கம்பிகள்" என்று அவர் பெயர் சூட்டிய கம்பங்கள் மறுநாள் அவருடைய பன்றிப்பட்டிக்கு வேலியாயின. பன்றிகள் மத விஷயத்தில் அபிப்பிராயம் சொல்லவில்லை.

கடைசிக் கம்பம் விழுந்ததும் ஊர்க்காரர்கள் ஒருவரை ஒருவர் "சகோதரரே" என்று அழைக்கத் தொடங்கினார்கள். அன்று காலை வரை "யோவ்" என்றுதான் அழைத்துக்கொண்டிருந்தார்கள். பழக்கம் விட்டுப்போகாமல் சிலர் "யோவ் சகோதரரே" என்றார்கள்.

ஆம்புரோஸ் பெட்டிஃபர் அந்தப் பதினேழு பேரில் ஒருவர். பீர் காய்ச்சுகிறவர்களுக்கு வாற்கோதுமையை முளைகட்டி வறுத்துக் கொடுப்பது தொழில். ஐம்பத்தோரு வயது, நல்ல உடம்பு, அதைவிட நல்ல கையெழுத்து. ஊரில் எழுதத் தெரிந்தவர்கள் ஏழெட்டுப் பேர் உண்டு. அழகாக எழுதத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அவர் வாழ்க்கையில் நேர்ந்த தொந்தரவுகளுக்கெல்லாம் காரணம் அதுவே.

பாராளுமன்றம் கூடியிருந்தது. பிஷப்புகளின் ஆட்கள் கத்தோலிக்கச் சாயலுள்ள சடங்குகளைத் திணித்து ஊர் ஊராகச் செய்த அக்கிரமங்களை எழுதி அனுப்பச் சொல்லியிருந்தார்கள்.

"பக்கத்து ஊர்க்காரன் போன வாரமே மனு அனுப்பிட்டான்," என்றார் ஒபதியா, கடப்பாரையை ஊன்றிக்கொண்டு. "இருபத்திரண்டு குத்தச்சாட்டாம். நம்ம பாதிரி மேல என்ன இருக்கு?"

"வெள்ளை அங்கி போட்டாரு."

"அது எல்லா ஊர்லயும் உண்டு."

"மேசையப் பார்த்துக் குனிஞ்சு குனிஞ்சு கும்பிட்டாரு."

"அதுவும் உண்டுப்பா."

"என் பன்றியச் சபிச்சாரு," என்றார் ஒருவர்.

"உம்ம பன்றி கல்லறையத் தோண்டிச்சு, சகோதரரே. நானா இருந்தாலும் சபிச்சிருப்பேன்."

அப்போது பின்வரிசையில் யாரோ, "ஃபிஸ்க் அம்மா விஷயம்," என்று மெதுவாகச் சொன்னார்கள்.

ஒபதியாவின் முகம் மலர்ந்தது. "அதுதான்யா. பிள்ளை பெத்தவளச் சபைய விட்டுத் தள்ளி வச்சு, அந்தப் பிள்ளை செத்தப்போ அடக்கத்துக்குக்கூட உள்ள விடாம, மழையில கேட்டுக்கு வெளிய நிறுத்தினாரே பாதிரி. இதக் கேட்டா லண்டன்ல கல்லும் அழும். இருபத்திரண்டு எதுக்கு? இது ஒண்ணு போதும்."

"பாதிரிதானே நிறுத்தினாரு?" என்றார் பன்றிக்காரர்.

"வேற யாரு?" என்றார் ஒபதியா.

யாரும் பெட்டிஃபரைப் பார்க்கவில்லை. பதினாறு பேர் ஒரே சமயத்தில் ஒரே ஆளைப் பார்க்காமல் இருப்பது தற்செயலாக நடக்கிற காரியம் அல்ல. கிராதி இருந்த இடத்தில் தரையில் தெரிந்த ஆணித் துளைகளைப் பெட்டிஃபர் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எழுத நம்ம பெட்டிஃபர் சகோதரர்தான்," என்று ஒபதியா முடித்துவைத்தார். "எழுதிட்டு அந்த அம்மாகிட்ட வாசிச்சுக் காட்டி, ஒரு அடையாளம் போட வச்சிட்டு வந்துடுங்க."

ஐந்து வருஷத்துக்கு முன் நடந்தது இது.

அந்த வருஷம் பெட்டிஃபர்தான் கோவில் காரியஸ்தர். ஊர் கூடித் தேர்ந்தெடுத்த பதவி. ஊர் கூடி ஒருவரைத் தேர்ந்தெடுக்கிறது என்றால் மற்றவர்கள் தப்பித்துக்கொண்டார்கள் என்று அர்த்தம். கூரை ஒழுகுகிறதா, பிரசங்க நேரத்தில் யாராவது சாராயக்கடையில் இருக்கிறார்களா, யார் யாரோடு படுக்கிறார்கள் என்றெல்லாம் கவனித்து, பிஷப்பின் நீதிமன்றத்திலிருந்து வரும் நூற்றுச் சொச்சம் கேள்விகளுக்குச் சத்தியம் செய்து பதில் எழுதவேண்டும். தலைமுறை தலைமுறையாக ஹாக்ஸ்மியர் காரியஸ்தர்கள் அத்தனை கேள்விக்கும் ஒரே பதிலைத்தான் எழுதினார்கள்: எல்லாம் நலம். கூரை ஒழுகியபோதும் எல்லாம் நலம். ஒருமுறை கோபுரத்தில் பாதி இடிந்து விழுந்தது, அப்போதும் எல்லாம் நலம்.

பெட்டிஃபரும் அப்படித்தான் எழுதிக்கொண்டு போனார். புதிய பிஷப்பின் பதிவாளர் தாளை விளக்கு வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார்.

"கையெழுத்து பிரமாதம்," என்றார். "ஆனா ஒரு ஊர்ல எல்லாமே நலமா இருக்காது, பெட்டிஃபர் ஐயா. எல்லாம் நலம்னு எழுதறவங்க மேல பொய்ச் சத்தியம்னு வழக்குப் போடச் சொல்லி உத்தரவு. எனக்கு அதுல இஷ்டமில்ல. ஒரு பெயராவது வேணும்."

"யார் பெயர்?"

"அது உங்க ஊரு. உங்களுக்குத்தான் தெரியும்."

சரியாக அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை தாமசின் ஃபிஸ்க் கோவிலில் சிரிப்பு மூட்டியிருந்தாள்.

தாமசின் பாலாடைக்கட்டி செய்து விற்பவள். சஃபோக் கட்டியை வெட்டக் கோடாலி வேண்டும் என்று வெளியூர்க்காரன் கேலி செய்வான். அவள் செய்ததற்குக் கத்தி போதும் என்று பெயர். வெகுகாலம் கழித்து அவளுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்திருந்தது. பெயர் பேஷன்ஸ். பிள்ளை பெற்றவள் ஒரு மாதம் கழித்துக் கோவிலுக்கு வந்து மண்டியிட்டு ஸ்தோத்திரம் சொல்லவேண்டும். வரும்போது தலையில் வெள்ளை முக்காடு இருக்கவேண்டும் என்பது பிஷப்பின் புதிய உத்தரவு. தாமசின் முக்காடில்லாமல் வந்தாள். பாதிரி டாக்டர் ஸ்வெயில் திருப்பி அனுப்பிவிட்டார்.

"என் தேவனுக்கு நன்றி சொல்றதுக்கு எதுக்குங்க தலையில துணி? பிள்ளை தலை வழியாவா பொறந்துது?" என்று அவள் வாசலில் வைத்துக் கேட்டாள்.

டாக்டர் ஸ்வெயில் நான்கு பாஷை கற்றவர். நான்கிலும் அதற்குப் பதில் அகப்படாமல், "துணியோடு வா," என்றார்.

அடுத்த ஞாயிறு துணியோடு வந்தாள். உறைந்த பாலை வடிகட்டுகிற துணி. ஓரத்தில் நீல நூலால் தைத்தது. அதைத் தலையில் போட்டுக்கொண்டு, நடைபாதை முழுக்கப் புளித்த மோர் வாடை வீச, நிதானமாக நடந்து வந்து மண்டியிட்டாள். கோவிலே குலுங்கிச் சிரித்தது. எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர் பெட்டிஃபர். சந்தோஷமான சிரிப்புதான். அவருக்கு அவளைப் பிடிக்கும்.

ஒரு பெயராவது வேண்டும் என்று பதிவாளர் சொன்னபோது இந்தச் சிரிப்புதான் ஞாபகத்துக்கு வந்தது. சின்ன விஷயம், ஒரு கண்டிப்போடு போய்விடும் என்று நினைத்தார். குடிகாரர்கள், சோரம் போனவர்கள் என்று ஊரில் தேர்ந்தெடுக்க ஆளில்லாமல் இல்லை. ஆனால் அவர்களெல்லாம் அவரிடம் வாற்கோதுமை வாங்குகிறவர்கள். எழுதிக் கொடுத்தார்.

சின்ன விஷயம் பெரிதாயிற்று. மூன்று ஞாயிறு வெள்ளைத் துணி போர்த்திக் கோவிலில் நின்று தப்பை ஒப்புக்கொள்ள வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. "முதல்ல ஒரு துணி, இப்ப ஒடம்பு பூராத் துணியா?" என்று தாமசின் மறுத்துவிட்டாள். அதற்குச் சபை விலக்கு விழுந்தது. விலக்கப்பட்டவளிடம் யாரும் வாங்கக்கூடாது, விற்கக்கூடாது, சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடக்கூடாது, கோவில் வளவுக்குள் விடக்கூடாது.

நவம்பரில் குழந்தை இறந்தது. நான்கு மாதம்.

கல்லறை வளவின் கேட் காரியஸ்தரின் பொறுப்பு. நல்ல மழை. தாமசினின் கணவர் சின்னப் பெட்டியைக் கையில் ஏந்தி உள்ளே போனார். அவள் பின்னால் வந்தாள். பெட்டிஃபர் கேட்டைச் சாத்தித் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டார். அவள் அழவில்லை, தள்ளவில்லை, ஒன்றும் கேட்கவில்லை. அவர் தானாகவே முந்திக்கொண்டு, "உத்தரவும்மா," என்றார்.

"தெரியும்," என்றாள். உள்சட்டையிலிருந்து ஒரு துணியை எடுத்தாள். நீல நூல் ஓரம். நனையாமல் வைத்திருந்தாள். "அவளுக்கு இந்த வாசம் பழக்கம். பெட்டிக்குள்ள வச்சிடுறீங்களா? அவரு மறந்துட்டுப் போயிட்டாரு."

பெட்டிஃபர் வாங்கிக்கொண்டார். குழி இருபது அடி தூரம். டாக்டர் ஸ்வெயில் வாசிக்க ஆரம்பித்துவிட்டார். வாசிப்பை நிறுத்தி, பெட்டியைத் திறக்கச் சொல்லி, எந்தத் துணிக்காகச் சபை விலக்கோ அதே துணியை டாக்டர் ஸ்வெயிலின் கண் முன்னால் நீட்டவேண்டும். அவர் இது என்ன என்று கேட்பார். முடியட்டும், அப்புறம் கொடுக்கலாம் என்று பெட்டிஃபர் நினைத்தார். முடிந்ததும் மண் தள்ளிவிட்டார்கள். ஒரு நிமிஷ வேலை, அந்த ஒரு நிமிஷம் போய்விட்டது. துணியைக் கோட்டுப் பையில் திணித்துக்கொண்டு திரும்பினார். கேட்டுக்கு வெளியே நின்றவள் அவர் கையைப் பார்த்தாள். கை காலியாக இருந்தது. தலையை ஆட்டி நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

அந்த வாரமே அவர் மனைவி கிரிசல் கோட்டைத் துவைக்க எடுத்தாள்.

"என்னங்க, இது நல்ல நெசவா இருக்கே. எங்க வாங்குனீங்க?"

"சந்தையில."

மனைவியிடம் பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர். ஆகவே அந்தப் பொய் கச்சிதமாக வந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு வியாழக்கிழமையும் பெட்டிஃபர் வீட்டுக் கட்டி அந்தத் துணியில்தான் வடிந்தது. வெள்ளிக்கிழமை அது கொல்லைப்புறக் கொடியில் காயும். வெள்ளிக்கிழமைகளில் பெட்டிஃபர் முன்வாசல் வழியாகவே போய்வந்தார்.

இப்போது விடுதலை கிடைத்த மறுநாள், எழுதிய மனுவைச் சுருட்டிக்கொண்டு தாமசின் வீட்டுக்குப் போனார். ஊர்க்கோடி வீடு. கணவர் முந்தின வருஷக் காய்ச்சலில் போய்ச்சேர்ந்துவிட்டார். விலக்கு இருந்தாலும் ஊர்க்காரர்கள் கட்டி வாங்கிக்கொண்டுதான் இருந்தார்கள், கொல்லைக் கதவு வழியாக. மதப்பற்று வேறு, வயிறு வேறு.

அவள் கட்டி அழுத்தும் பலகையைத் திருகிக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

"உக்காருங்க. அந்த முக்காலி ஆடும், பார்த்து."

உட்கார்ந்தார். ஆடியது. மனுவை விரித்து வாசித்தார். வாசிப்பதற்கென்றே எழுதியது போன்ற நடை. எளியவள், தேவபக்தியுள்ளவள், ஓநாய்கள் நடுவே ஆட்டுக்குட்டி. பாதிரி ஸ்வெயில் தன் சொந்தப் பகையால் அவள் பெயரை எழுதிக் கொடுத்தார். பாதிரி ஸ்வெயில் தன் கையாலேயே கேட்டைச் சாத்தினார்.

பலகை திருகுவது நின்றது.

"இன்னொரு தடவ படிங்க, அந்தக் கடைசி ரெண்டு."

படித்தார். இம்முறை குரல் அவ்வளவு ஓங்கவில்லை.

"பாதிரி குழிப் பக்கத்துல நின்னாரு," என்றாள் தாமசின். "அவருக்கு என்ன, இருபது அடிக் கையா?"

"அது ஒரு... சபையே சேர்ந்து..."

"பேர் எழுதிக் குடுத்ததும் அவரில்ல. கோர்ட்டுல சத்தமாத்தான வாசிச்சாங்க. இன்னார் மேல ஹாக்ஸ்மியர் காரியஸ்தர் ஆம்புரோஸ் பெட்டிஃபர் சொல்றதுன்னு. ஊர்லேந்து வந்த பத்துப் பேரும் கேட்டாங்க. ஒபதியா என் பக்கத்துலதான் நின்னான்."

பெட்டிஃபர் ஐந்து வருஷமாகத் தயாரித்து வைத்திருந்த வாக்கியம் ஒன்று இருந்தது. அது நீளமானது, நன்றாக எழுதப்பட்டது. அதை விட்டுவிட்டு அவர் கேட்டது வேறு.

"தெரிஞ்சுமா எனக்கு வணக்கம் சொல்லிக்கிட்டு இருந்தீங்க?" என்றார்.

"பின்ன? அஞ்சு வருஷம் மூஞ்சியத் திருப்பிக்கிட்டே இருந்தா கழுத்து வலிக்கும்." மறுபடி பலகையைத் திருகினாள். "நீங்க இல்லன்னா வேற ஒருத்தன் எழுதியிருப்பான். அது எனக்குப் பெருசில்ல. ஆனா பொய்யான தாள்ல நான் கோடு போட மாட்டேன். டாக்டர் ஸ்வெயில் துணி கேட்டாரு, அத எழுதுங்க. எழுதிக் குடுத்தது நான்னு உங்க பேரப் போடுங்க. போட்டுட்டு வாங்க, இந்த மோர்க் கையோட வேணாலும் கோடு போடுறேன்."

"போடுறேன்," என்றார் பெட்டிஃபர். அந்த நேரத்தில் நிஜமாகவே நினைத்துத்தான் சொன்னார்.

எழுந்து கதவுப் பக்கம் போனபோது அவள் கூப்பிட்டாள்.

"பெட்டிஃபர் ஐயா. உங்க மேல எனக்கு வருத்தம் இல்லன்னு சொன்னா நம்பமாட்டீங்க. ஆனா அன்னிக்கு அந்தத் துணிய வச்சீங்களே. பாதிரி முன்னால, அத்தன பேர் முன்னால. பயந்த ஆளு நீங்க, எனக்குத் தெரியும். ராத்திரி தூக்கம் வராதப்போ அத நினைச்சுக்குவேன். குளிருது, ஆனா துணி இருக்குன்னு."

அவருக்கு அது மனு வாசித்ததைவிடப் பத்து மடங்கு கனமாக இறங்கியது. வாயைத் திறந்தார். அவள் முகத்தைப் பார்த்தார். மூடிக்கொண்டார். அன்று வெள்ளிக்கிழமை. வீட்டுக்கு முன்வாசல் வழியாகப் போனார்.

அடுத்த கூட்டம் ஒபதியாவின் பட்டறையில் நடந்தது. மரச்சீவல் மேல் பதினாறு சகோதரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பெட்டிஃபர் எழுந்து நின்றார். தொப்பியைக் கழற்றினார்.

"சகோதரர்களே, மனுவுல ஒரு திருத்தம். தாமசின் ஃபிஸ்க் பேர எழுதிக் குடுத்தது பாதிரி இல்ல. நான். கேட்டச் சாத்தினதும் நான். என் பேரத்தான் எழுதணும்."

அவர் காத்திருந்தார். துப்புவார்கள், சரி. பன்றிக்காரர் எழுந்து அடித்தாலும் சரி. அஞ்சு வருஷத்துக் கடன் ஒரு அடியில் தீர்ந்துவிடும்.

பன்றிக்காரர் எழுந்தார். வந்து அவரைக் கட்டிக்கொண்டார்.

"என்ன தாழ்மை," என்றார் குரல் உடைந்து. "என்ன தாழ்மைய்யா."

எல்லோரும் எழுந்துவிட்டார்கள். ஒபதியா கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஊரில் ஒரு பெரிய பாவி கிடைக்காமல் பக்தி வளரவில்லை என்ற குறை அவர்களுக்கு வெகுநாளாக இருந்தது. பக்கத்து ஊரில் ஒரு முன்னாள் சூதாடி இருந்தான், ஞாயிறுதோறும் அழுவான், அவனைப் பார்க்கவே மூன்று ஊர் ஜனம் கூடும். ஹாக்ஸ்மியருக்கு இதுவரை அப்படி ஒருவர் வாய்க்கவில்லை.

"இந்த மாதிரி நொறுங்கின மனசு லட்சத்துல ஒருத்தருக்குத்தான் கிடைக்கும்," என்றார் ஒபதியா.

"மனு," என்றார் பெட்டிஃபர். "மனுவுல என் பேரு."

"அது எப்படிப் போடறது, சகோதரரே? மனு பாதிரி மேல. உங்க பேரப் போட்டா லண்டன்ல குழம்பிடுவாங்க. நம்ம ஊர் நம்ம ஊரு மேலயே புகார் குடுத்த மாதிரி ஆயிடும்."

"அந்தம்மா அப்படின்னா கோடு போடமாட்டாங்க."

ஒபதியா யோசித்தார். தச்சு வேலைக்காக வைத்திருந்த கரித்துண்டை எடுத்தார். மனுவின் அடியில், தாமசின் ஃபிஸ்க் என்று பெட்டிஃபர் அழகாக எழுதிவைத்திருந்த பெயருக்குப் பக்கத்தில், ஒரு குறுக்குக் கோடும் ஒரு நெடுக்குக் கோடும் இழுத்தார்.

"கோடுதானே. யார் போட்டா என்ன, யார் அறுத்தாலும் மரம் மரந்தான்," என்றார்.

பெட்டிஃபர் அதைப் பறித்துக் கிழித்திருக்கலாம். தாள் அவர் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஆனால் அவர் தோளில் பன்றிக்காரரின் கை இருந்தது, மற்றொரு தோளில் இன்னொருவர் கை. வாழ்க்கையில் யாரும் அவரை இவ்வளவு நேசித்ததில்லை. கூட்டம் முடியும்வரை அழுதார். அதற்கும் பாராட்டினார்கள்.

மனு லண்டனுக்குப் போனது. அந்த வருஷம் அந்த மாதிரி மனுக்கள் வண்டி வண்டியாக வந்ததாகச் சொல்கிறார்கள். ஹாக்ஸ்மியர் மனுவை யாராவது படித்ததாகத் தகவல் இல்லை. டாக்டர் ஸ்வெயில் மேலும் மூன்று வருஷம் அங்கியில்லாமல் பிரசங்கம் செய்தார். அப்புறம் ராஜாவுக்கும் பாராளுமன்றத்துக்கும் சண்டை நடக்கையில், ஒருநாள் ராஜாவின் ஆரோக்கியத்துக்குக் கோப்பையைத் தூக்கியதற்காகத் துரத்தப்பட்டார். அந்தக் கோப்பையிலிருந்த பீர் பெட்டிஃபரின் வாற்கோதுமையில் காய்ச்சியது.

தாமசின் கோவிலுக்கு வரவில்லை. தன் பெயருக்குப் பக்கத்தில் கரிக்கோடு விழுந்த சேதி ஊரில் எல்லோருக்கும் போல அவளுக்கும் தெரிந்திருந்தது. பெட்டிஃபரை வழியில் பார்த்தால் வணக்கம் சொல்வதை மட்டும் நிறுத்தவில்லை. அது நின்றிருந்தால் அவருக்குச் சற்றுத் தூக்கம் வந்திருக்கும். பிஷப்பின் நீதிமன்றத்தைப் பாராளுமன்றம் கலைத்துவிட்டது. அவளை விலக்கிய நீதிமன்றம் இல்லாமற்போனதால் அந்த விலக்கை நீக்கவும் யாரும் இல்லை.

துணியைத் திருப்பிக் கொடுக்க இரண்டு முறை கிளம்பினார். கொடுத்தால் அவளுடைய ராத்திரிகளில் அது இல்லாமற்போகும். கொடுக்காமல் இருப்பதுதான் தயவு என்று தன்னிடம் சொல்லிக்கொண்டார். தன்னிடமே சொல்லிக்கொள்ளும்போதும் அவர் நடை பிரமாதமாகத்தான் இருந்தது.

சண்டை முடிந்தது, ராஜா தோற்றார். நாற்பத்தாறாம் வருஷம், பிஷப்புக்குப் பதிலாகச் சபையை நடத்த ஊருக்கு ஊர் மூப்பர்கள் தேர்ந்தெடுக்கச் சொல்லி உத்தரவு வந்தது. ஹாக்ஸ்மியரில் மூன்று பேர். நொறுங்கின மனசுக்காரர் என்று மாவட்டம் முழுக்கப் பெயரெடுத்த ஆம்புரோஸ் பெட்டிஃபரை முதலில் தேர்ந்தெடுத்தார்கள். அடுத்தவர் ஒபதியா. மூன்றாவது பன்றிக்காரர். மூப்பர்களின் முதல் வேலை, திருவிருந்துக்குத் தகுதியில்லாதவர்களின் பட்டியலைத் தயாரிப்பது.

மாவட்டச் சபையிலிருந்து ஒரு செயலாளர் வந்திருந்தார். இளவயது, குட்டை முடி, அங்கி கிடையாது. பெட்டிஃபர் நீட்டிய தாளை ஜன்னல் வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார்.

"கையெழுத்து அழகா இருக்கு, சகோதரரே. ஆனா எல்லாரும் தகுதியானவங்கன்னு எழுதியிருக்கீங்க. அது நடக்குமா? மூப்பர்கள் தூங்கறாங்கன்னு நினைப்பாங்க. ஒரு பெயராவது வேணும்."

பெட்டிஃபர் தாளைத் திரும்ப வாங்கினார். "என் பெயர எழுதிக்கிறேன்," என்றார்.

ஒபதியா அன்போடு சிரித்தார். "பார்த்தீங்களா, நான் சொல்லல? அவரு எப்பவுமே இப்படித்தான்." செயலாளரும் நெகிழ்ந்துபோய் ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டார்.

"வேற பேரு," என்றார், கண்ணைத் திறந்து.

"ஃபிஸ்க் அம்மா பத்து வருஷமா வர்றதில்ல," என்றார் பன்றிக்காரர். "ஏற்கெனவே விலக்குல இருக்காங்க."

"அது பிஷப் போட்ட விலக்கு," என்றார் பெட்டிஃபர். "அது அநியாயம்னு நாமதான் மனு அனுப்பினோம். அது செல்லாது."

"அதத்தான் நானும் சொல்றேன்," என்றார் ஒபதியா. "அது செல்லாத விலக்கு. நாம செல்லுபடியா ஒண்ணு போடணும். எழுதுங்க, உங்க கைதான் அழகு."

பேனாவை மையில் தோய்த்து அவர் விரலிடுக்கில் வைத்தவர் ஒபதியா. ஆனால் பேனா தானாக எழுதுவதில்லை. ஜன்னல் வழியாகக் கல்லறை வளவின் கேட் தெரிந்தது. பெட்டிஃபர் அதைப் பார்க்காமல் எழுதினார். தாமசின் ஃபிஸ்க், கட்டி விற்பவள். காரணம், ஆராதனைக்கு வராமை. மை சிந்தவில்லை, ஒரு எழுத்து கோணவில்லை.

வீட்டுக்கு வந்தார். வியாழக்கிழமை. கிரிசல் தட்டை வைத்தாள். நீல ஓரத் துணியில் வடிந்த கட்டி நன்றாக இறுகியிருந்தது, சாப்பிட்டார்.